இருநூற்றுப் பதினான்காவது ஷீட்

மேஜைமேல் செல்போன் துடித்தது. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"எடுங்க மேடம். பாவம், மூணாவது தடவை கூப்பிடறாங்க" என்றார் பக்கத்து மேஜை சர்வேயர்.

எடுக்கவில்லை. ஆபீஸ் நேரத்தில் அவள் போனை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. அது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். காரணம்தான் யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் திரையில் ஷீட் எண் ஓடிக்கொண்டிருந்தது. 187. 188.

மணி பதினொன்று. மாலைக்குள் பெருமழை, ஆறு கரை தாண்டும் என்று காலையில்தான் சொன்னார்கள். பன்னிரண்டுக்குள் முந்நூற்று நாற்பது ஷீட்டும் தீயணைப்பு நிலையத்துக்குப் போயாக வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரு ஷீட். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று நீலத்தில் காட்டும் வரைபடம். அதைப் பார்த்துத்தான் படகுகள் கிளம்பும்.

கையால் போட்டால் இரண்டு நாள் வேலை. படத்தை நகர்த்து, தலைப்பில் எண்ணை மாற்று, சேமி. மறுபடி படத்தை நகர்த்து, எண்ணை மாற்று, சேமி. செக்குமாடாவது நடுவில் தலையை ஆட்டிக்கொள்ளும்.

போன வருடம் அந்தச் செக்கில் ஒரு சுற்று பிசகிவிட்டது.

எண்ணை 214 என்று மாற்றினாள். படத்தை நகர்த்த மறந்தாள். தலைப்பில் 214, உள்ளே 213-இன் தெருக்கள். மொத்தக் கணக்கு சரியாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரே தெருவுக்கு இரண்டு படகு போனது. இன்னொரு தெரு ஒன்றரை நாள் மொட்டை மாடியில் நனைந்தது.

நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கவனம் எங்கே போனது என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுவாரமே ஸ்கிரிப்ட் எழுதக் கற்க உட்கார்ந்தாள். நகர்த்துவது, எண் மாற்றுவது, சேமிப்பது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே தானாகச் செய்வதற்கான கட்டளைகள். நாற்பத்தாறு வயதில், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் கீபோர்டு.

"எல்லாத்தையும் அதுவே போட்டுட்டா நாம ஈ ஓட்டணுமா மேடம்?" என்று சர்வேயர் சிரிப்பார்.

முதல் ஓட்டத்தில் எண்கள் ஒன்று முதல் முந்நூற்று நாற்பது வரை அழகாக வந்தன. உள்ளே அத்தனையிலும் ஒரே படம்! அவள் ஒரு தடவை செய்த தப்பை அது முந்நூற்று முப்பத்தொன்பது தடவை செய்திருந்தது.

அன்று சர்வேயர் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ வாங்கி வந்து வைத்தார்.

'படம் நகர்ந்து முடியும்வரை காத்திரு, பிறகு சேமி.' அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சேர்க்கப் பதினொரு நாள் ஆனது.

அந்த வரி இன்றுதான் முதல்முறையாக நிஜ மழையைச் சந்திக்கிறது. அது காலை வாரிவிட்டால், கையால் போட நேரமில்லை.

212. 213.

சர்வேயர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

214.

திறந்தாள். பம்ப் ஹவுஸ். பள்ளிக்கூடச் சுவர். வளைந்து போகும் சந்து. கடைசி வீடுவரை நீலம்.

"அதே தெருதான் மேடம்! ஜெயிச்சிட்டீங்க!"

அவள் அந்தக் கடைசி வீட்டின்மேல் விரலை வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.

மறுபடி செல்போன் துடித்தது. நிமிர்த்திப் பார்த்தாள். தங்கை.

எடுத்தாள்.

"அட, அதிசயமா இருக்கே! பகல்ல எடுத்துட்ட? ஒரு வருஷமா எம்மேல என்னக்கா கோபம்?"

"கோபமெல்லாம் இல்லடி. பசங்க துணிமணிய ஒரு பையில எடுத்து வை. படகு வந்துடும்."

"எங்க சந்துக்கா? போன தடவை மொட்டை மாடியில நாங்க பட்ட பாடு..."

"வரும். கடைசி வீடுவரைக்கும் வரும். அப்புறம்? சொல்லு. எனக்கு நேரம் இருக்கு."

போன வருடம் 213-க்கும் 214-க்கும் நடுவில் வந்த போனும் தங்கையுடையதுதான். சின்னவனுக்கு முதல் பல் விழுந்துவிட்டதாம். இரண்டே நிமிடம். சிரித்தபடி போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

தங்கை பேசிக்கொண்டே போனாள்.

திரையில் எண் 231 ஆனது. படமும் கூடவே நகர்ந்தது.