அடைப்பு எடுக்கப்படும்

“விளம்பரத்தால ஒரு வேலை வந்திருக்குங்க. பத்து மணிக்கு அங்க இருக்கணும்.”

மனைவி சொன்னதும் குழாய்க்காரர் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். சொந்தமாகத் தொழில் தொடங்கி, இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை. இந்த வாரமும் இப்படியே போனால் பழைய கான்ட்ராக்டர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“என்ன வேலையாம்?”

“வேறென்ன, அடைப்புதான்.”

“எத்தனை இஞ்ச் குழாய்?”

“ரொம்ப சன்னமான குழாயாம்.”

“பழசா?”

“அம்பத்திரண்டு வருஷமாம்.”

“அடேயப்பா! மொத்தமா மாத்திடுங்கன்னு சொல்றதுதானே?”

“மாத்த முடியாதாம். அவங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதானாம்.”

“எந்த மாடி? லிப்ட் இருக்கா?”

“இருக்கு. முன்னெல்லாம் லிப்ட் கேட்க மாட்டீங்களே?”

“பை கனம்மா” என்றார் அவர்.

கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. அவள் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைக்கு இழுத்தாள். விளம்பரம் போடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. எழுத்து விஷயத்தில் அவரை நம்ப முடியாது. வேன் மேல் எழுத அவர் கொடுத்த சீட்டை நம்பி, பெயிண்டர் ‘குழாய் அடைபு எடுக்கப்படும்’ என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு அவள் ஒரு ‘ப்’பை நடுவில் இடுக்கிச் சொருக வைத்தாள். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது.

“கூப்பிடத்தான் ஆளில்ல, நம்ம விளம்பரத்தை அழுத்தின ஆளுங்க மட்டும் எக்கச்சக்கம். அவங்க என்ன தேடினாங்கன்னு லிஸ்ட் வந்திருக்கு. கேளுங்க இந்தக் கூத்தை.”

கண்ணாடி வேனில் கிடந்ததால் அவள் படிக்க அவர் கேட்டார்.

“மூக்கடைப்புக்கு என்ன செய்வது.”

“நம்ம கம்பியை விட்டா ஒரே நிமிஷத்துல போயிடும்” என்றார்.

“நாளைக்குக் கடையடைப்பு உண்டா. அடைப்புக்குறிக்குள்ள இருக்கற கணக்கை எப்படிப் போடறது. காதடைப்பு, தொண்டை அடைப்பு... அடைப்புன்னு எதைத் தட்டினாலும் நாம போய் நிக்கறோம். அவங்களும் அவசரத்துல நம்ம மேல அழுத்திடறாங்க. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நம்ம காசு போகுது.”

“அழுத்தினாலே காசா?” குழாய்க்காரருக்கு முகம் மாறிவிட்டது.

“ஆமா. அதுக்குத்தான் வேண்டாத சொல்லுன்னு ஒரு பட்டியல். மூக்குன்னு அதுல போட்டுட்டா, மூக்குன்னு தேடறவங்களுக்கு நம்ம விளம்பரமே தெரியாது.”

அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூக்கு போயிற்று, காது போயிற்று, கடை போயிற்று. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இந்த ஒரு ஆளுதான் எனக்குப் புரியல. போன வாரம் மட்டும் பதினோரு தடவை. நெஞ்சு அடைப்பு அறிகுறி. அடுத்த நாள், இடது தோள் வலி நெஞ்சு அடைப்பா. அதுக்கும் அடுத்த நாள், நெஞ்சு அடைப்பு தானா சரியாகுமா.”

“யார் தேடினதுன்னு அதுல வருமா?”

“பேரு வராது. தட்டின எழுத்து மட்டும் அப்படியே வரும்.”

“அப்போ சரி. நெஞ்சையும் அந்தப் பட்டியல்ல போட்டுடு.”

“இருங்க. கடைசியா என்ன தேடியிருக்கார் தெரியுமா? நெஞ்சு அடைப்பு, வீட்டில் தெரியாமல் வைத்தியம்.” அவள் அவரைப் பார்த்தாள். “வீட்டுல ஏன் சொல்ல மாட்டேங்கறார்?”

“எனக்கென்ன தெரியும்? வீட்டுல இருக்கறவங்க பயந்துடுவாங்கன்னு இருக்கும். இப்பத்தான் ஏதாவது புதுசா தொழில் ஆரம்பிச்சிருப்பாரோ என்னவோ.”

“அதுக்காக நம்ம விளம்பரத்தை எதுக்கு அழுத்தணும்?”

“தேடினதும் நம்ம விளம்பரம் முதல்ல வந்து நின்னா கை படாதா? ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்திருப்பார். காசு போகும்னு பாவம் அவருக்கென்ன தெரியும்?” என்றவர், “முதல்ல தடுத்துடு அந்த ஆளை” என்றார் எரிச்சலாக.

“விளம்பரத்தைத்தான் தடுக்கலாம். அந்த ஆளோட வலியை எந்தப் பட்டியல்ல போடறது?”

குழாய்க்காரர் எழுந்து, கம்பிச் சுருள் இருந்த பையைத் தூக்கினார். ஒரு முறை கீழே வைத்துவிட்டு மறுபடியும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நேரமாச்சு. அட்ரஸைக் கொடு.”

அவள் மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினாள். கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். முதல் வரியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

“வேலை: அடைபு! என்னம்மா, ‘ப்’பை முழுங்கிட்டியே! என்னை மட்டும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே?”

“நான் முழுங்கலீங்க. அந்தப் பதினோரு தடவையும் அந்த ஆளு எப்படித் தட்டியிருந்தாரோ, அப்படியே பார்த்து எழுதினேன்” என்றாள்.

அவர் அடுத்த வரியைப் படித்தார். இதய நோய் மருத்துவமனை, இரண்டாவது மாடி.

அவள் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். “இது வேண்டாம். இன்னைக்கு அடைப்பை அவங்க எடுப்பாங்க, நீங்க படுத்துக்கிட்டாப் போதும்.”