கரிச்சானின் தமாஷ்

தவிட்டுக்குருவி ஒருத்தி தன் குஞ்சுகளுக்காகக் கொழுத்த புழு ஒன்றைக் கவ்வினாள். கிளையில் உட்கார்ந்திருந்த கரிச்சான், "ஐயோ, பருந்து!" என்று அலறினான். அவள் புழுவைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தாள். எட்டிப் பார்த்தால், வானத்தில் பருந்தும் இல்லை, தரையில் புழுவும் இல்லை.

"ஏமாத்திட்டீங்களே, அண்ணே!"

"ஏமாத்தறதா? பெரிய வார்த்தையெல்லாம் பேசாதே தங்கச்சி. சும்மா ஒரு தமாஷ்," என்று கரிச்சான் அலகைத் துடைத்துக்கொண்டான்.

சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காதே என்று அவளும் சிரித்துவைத்தாள். கூட்டில் குஞ்சுகள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடியே இருந்தன.

மறுநாளும் அவள் புழு பிடித்ததும் கரிச்சான் அலறினான். இந்தத் தடவை அவள் புழுவோடு பறந்தாள்.

"உனக்கு விளையாட்டுன்னா என்னன்னே தெரியல!" என்று கரிச்சான் பின்னாலேயே வந்து கோபித்துக்கொண்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. வாயில் புழு இருந்தது.