மூடியில் ஒரு துளை

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல முதலாளி. கோளாறெல்லாம் இதுலதான்" என்று பெட்ரோல் டேங்கின் மூடியைத் தூக்கிக் காட்டினான் மெக்கானிக் பீர் முகமது.

தோல் மண்டி மைதீன் பிச்சை ராவுத்தர் குனிந்து பார்த்தார். மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் சோப்பு.

"மண்ணெண்ணெய் டின்னுல ஒத்தத் துளை போட்டுக் கவுத்தா எண்ணெய் ஒழுங்கா வருமா? காத்து உள்ள போக இன்னொரு துளை வேணும்ல? அதே கததான். இதை அடைச்சா பத்து மைல் ஓடும், அப்புறம் தொண்டையப் புடிச்ச மாதிரி நின்னுரும். மூடியத் திறந்தா 'புஸ்'ஸுனு காத்து உள்ள போகும். திரும்ப ஓடும்."

"சோப்பு என்ன, தானா நடந்து வந்து ஏறி உக்காந்துக்கிருச்சா?"

பீர் முகமது டிரைவர் நல்லுசாமியைப் பார்த்தான். ராவுத்தரும் பார்த்தார். அவர் முறைத்தால் திண்டுக்கல் மலைக்கோட்டையே இரண்டடி தள்ளி உட்காரும். நல்லுசாமி எம்மாத்திரம்?

"ஏலே, மூணு வியாழக்கிழமை! மூணு தடவையும் ஆத்தூர் ரோடு பிரியிற விலக்குல, அந்த வீட்டு வாசல்லயே நிக்கிது. நாளைக்கும் நின்னுச்சு, சாவியக் குடுத்துட்டு அங்கயிருந்தே நடந்து போயிரு. ஆமா!"

நல்லுசாமி தலையைக் குனிந்துகொண்டான். சோப்பை வைத்தவன் அவனேதான்.

அந்த வீடு ராவுத்தரின் ஒரே மகள் ஆரிபாவுடையது. மண்டியில் தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த சௌகத் அலியைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாகக் கட்டிக்கொண்டவள். "இனி அவ வாசல மிதிக்க மாட்டேன்" என்று அன்றைக்கு ராவுத்தர் போட்ட சத்தத்தில் பேகம்பூர்க் காக்கைகள் ஒரு வாரம் ஊர்ப்பக்கம் வரவில்லை. இப்போது அவளுக்கு ஒன்பது மாதம். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்துப் போக யாரும் வரவில்லை.

"அவரு ஒரு தடவ அவ முகத்தப் பாத்துட்டாப் போதும் நல்லுசாமி. அவ இங்க வந்து பெத்தெடுக்கணும்" என்று ராவுத்தரின் மனைவி குர்ஷித் பேகம் அழுததைத் தாங்க முடியாமல்தான் அவன் அந்த வேலையைச் செய்தான்.

வத்தலக்குண்டுக்குத் தோல் வாங்கப் போகும் வண்டி ஒவ்வொரு வாரமும் அங்கே நின்றது. ஆரிபா ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். ராவுத்தர் எதிர்ப்பக்க வயலையே வெறித்துக்கொண்டிருப்பார். போன வாரம்தான், அவள் உள்ளே போன பிறகு, செம்பை எடுத்துக் குடித்தார்.

இன்னும் ஒரே ஒரு வாரம் நின்றால்?

ஆனால் நல்லுசாமி வீட்டில் ஆறு வயிறு. அன்று சாயங்காலமே டேங்கை நிரப்பி, துளைக்குள் ஊசி விட்டுக் குத்தி, வாய் வைத்து ஊதிப் பார்த்து, மூடியைத் திருகினான். பேகத்தின் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாக வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அவன் வருவதற்கு முன்பே ராவுத்தர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"துளை சுத்தமா இருக்குல்ல?"

"ஊதியே பாத்துட்டேன் முதலாளி. இனி கன்னியாகுமரி வரைக்கும் நிக்காது."

"ம்."

வண்டி கிளம்பியது. ஆத்தூர் விலக்கு நெருங்கியது. தூரத்தில் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, கையில் செம்புடன் ஆரிபா நிற்பது தெரிந்தது. நல்லுசாமி அந்தப் பக்கம் திரும்பாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

வண்டி இருமியது. குலுங்கியது. வீட்டுக்கு நூறு கஜம் முன்னாலேயே நின்றுவிட்டது.

நல்லுசாமிக்குச் சட்டை நனைந்துவிட்டது. "முதலாளி, எம் பிள்ளைக மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல..." என்று சாவியை எடுத்து நீட்டினான்.

ராவுத்தர் சாவியை வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார்.

"சனியன் புடிச்ச வண்டி! இந்த வெயில்ல எம்புட்டு நேரம் உள்ள உக்காந்திருக்கது? நாக்கு வறளுது" என்று முணுமுணுத்தபடி நடந்தார். நூறு கஜத்தையும் நடந்து, வாசற்படியை மிதித்து, மகளின் கையிலிருந்தே செம்பை வாங்கினார்.

"அத்தா..." என்ற ஆரிபாவின் குரல் உடைந்தது.

"அழுகாத தாயி. உங்கம்மா தேடுறா. துணிமணிய எடுத்துக்கிட்டு மெதுவா வந்து வண்டியில ஏறு."

நல்லுசாமி ஒன்றும் புரியாமல் ஓடிப்போய் டேங்க் மூடியைத் திருகினான். 'புஸ்' என்றது. மூடியைத் திருப்பிப் பார்த்தான்.

உள்பக்கம் துளையை அடைத்திருந்தது சோப்பு இல்லை. மண்டிப் பார்சலுக்கு வைக்கும் சிவப்பு அரக்கு, அதன் மேல் அழுத்தமாக ராவுத்தரின் மோதிர முத்திரை.