கையோட இழுத்துட்டுப் போங்க!

வானொலி நிலையத்தில் விளம்பர இடைவேளை. பெண்கள் நல டாக்டர் அவசரமாக ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" என்றாள் தொகுப்பாளினி.

"மாடி ஏறி வந்த களைப்பும்மா. அடுத்த போனைக் குடு."

மாதவிலக்குச் சந்தேகங்களுக்கான நேரலை அது. இணைப்பில் வந்தது தொண்டை கட்டிய ஓர் ஆண் குரல்.

"டாக்டர், என் மனைவிக்கு மாசாமாசம் ரத்தப்போக்கு ரொம்ப அதிகம். பத்து நாள் ஆனாலும் நிக்கறதில்ல. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது."

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா."

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "ஒரு வருஷமா கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தீங்களா? ரத்தசோகையா இருக்கலாம். கர்ப்பப்பையில கட்டி இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டாமா?"

"சொன்னா கேட்டாத்தானே டாக்டர்! 'எல்லாம் எனக்குத் தெரியும், வேலை தலைக்கு மேல கிடக்கு'ன்னு என் வாயை அடைச்சிடறா."

"வேலை எங்கேயும் ஓடிப் போயிடாது. இதுல என்ன வீம்பு வேண்டிக்கிடக்கு? இன்னிக்கே கையோட இழுத்துட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க!"

"ரொம்ப நன்றி டாக்டர்."

ஒரு செருமலில் தொண்டைக் கட்டு மாயமாய் மறைந்தது. டாக்டர் தினமும் வீட்டுக் காபி மேஜையில் கேட்கிற குரல்தான்.

"ஸ்கேனுக்குச் சொல்லி வெச்சாச்சு. வண்டியோட கீழேதான் நிக்கறேன். நீ சொன்னதை ஊரே கேட்டாச்சு, இறங்கி வா!"