டேட்டா தீரும் நேரம்

“இந்த வீட்டு டேட்டாவை எல்லாம் யாரு குடிக்கிறாங்கன்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்” என்றார் வசனகர்த்தா, ஹால் நடுவில் இடுப்பில் கை வைத்தபடி.

சோபாவில் இருந்த மூவரும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மாடியில் குடியிருந்தாலும் சாப்பாட்டுக்கும் டிவிக்கும் கீழேயே கிடக்கும் மச்சினன். மூன்று பேரும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கொலைத் தொடரில் ஆழ்ந்திருந்தார்கள்.

மாதாமாதம் கடைசி வாரத்தில் நெட் படுத்துவிடுகிறது, இந்த மாதமும் இன்றைக்கே படுத்துவிடும் போலிருக்கிறது என்று அவர் பொரிந்து தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறாரோ என்னவோ என்றான் மச்சினன். மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் நேரமாம்.

உண்மையில், திருடனே போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வசனகர்த்தாவின் எழுதும் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே லேப்டாப்பில் காலையிலிருந்து ஓர் அருவி, இருப்பதிலேயே துல்லியமான தரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய போனில் இன்னொரு அருவி. டேப்லெட்டில் கடல். பார்க்கத்தான் ஆள் இல்லை.

பாவம், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஏழரை மணி சீரியல் ஒன்றுக்கு எட்டு வருஷமாக வசனம் எழுதுகிறார். ஊரே அழுகிறது. சொந்த வீட்டில் ஏறெடுத்துப் பார்க்க நாதியில்லை. “மணி பார்த்து டிவி முன்னாடி உக்காருற ஆளுங்களை இனிமே மியூசியத்துலதான் அத்தான் தேடணும்” என்பான் மச்சினன். மகளோ சிரிப்பதோடு சரி. ஒரு மாதக் கடைசியில் தற்செயலாக டேட்டா தீர்ந்துபோனது. கேபிள் டிவியைத் தவிர வேறு கதியில்லாமல் மூன்று பேரும் அவர் சீரியலைப் பார்த்தார்கள். அன்று பிடித்த ருசி. அதன்பிறகு மாதக் கடைசியில் டேட்டா தானாகத் தீரவே இல்லை. அவர்தான் தீர்த்துவைத்தார்.

இன்றைக்குத் தீர்ந்தே ஆக வேண்டும். மச்சினன் சொன்னதையே சேனல்காரர்களும் சொல்லிவிட்டார்கள், ஒரு பூங்கொத்தையும் கையில் கொடுத்து. சீரியலுக்கு இன்றுதான் கடைசிப் பகுதி. வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அதில் வயதான கணவன் தன் மனைவியிடம் பேசும் ஒரு காட்சி இருக்கிறது. அதை அவர் வேறு யாருக்காகவும் எழுதவில்லை. சோபாவில் கொலைகாரனுக்காகக் காத்திருக்கிறாளே, அவளுக்காகத்தான் எழுதினார். நேரில் சொல்ல வராததை நடிகர் வாயில் போட்டிருந்தார்.

ஏழேகால் ஆயிற்று. நெட் தங்குதடையில்லாமல் ஓடியது. அவர் அறைக்குள் போய் எட்டிப் பார்த்தார். அருவிகள் குறைவில்லாமல் கொட்டின. கடலும் தன் வேலையைச் செய்தது. இத்தனை தண்ணீர் ஓடியும் ஒரு சொட்டு பயன் இல்லையே என்று அவருக்கு அழுகையே வந்தது.

திரும்பி வந்து நகம் கடித்துக்கொண்டு நின்றார். மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்தாள். அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திரையில் கொலைகாரன் பாதி திரும்பிய நிலையில் அப்படியே நின்றான். நடுவில் வட்டம் சுற்றியது.

“போச்சு” என்றாள் மனைவி.

“நான் சொன்னேன்ல” என்று அவர் குரலை உயர்த்தினார். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார்.

மச்சினன் பெருமூச்சு விட்டான். “சரி, அத்தானோட சீரியலைப் போடு. பார்த்துத் தொலைப்போம்.”

போட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவும் இல்லை. அந்தக் காட்சி வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கிழவர் சொன்னார்: “பேச வேண்டியதை எல்லாம் ஊர்ல இருக்கறவங்ககிட்டயே பேசித் தீர்த்துட்டேன். உனக்குன்னு மிச்சம் வைக்கல. மன்னிச்சுக்கோ.”

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மச்சினன்கூட மூக்கை உறிஞ்சினான். வசனகர்த்தாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இது போதும் என்று நினைத்துக்கொண்டு, தடயத்தை அழிக்க அறைக்குப் போனார்.

லேப்டாப்பை மூடப்போனவரின் முதுகுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

“அருவியை எல்லாம் மூடிடுங்க. போன வருஷமே அளவில்லாத பிளானுக்கு மாத்திட்டேன். நீங்க இன்னும் நாலு கடலை ஓட விட்டாலும் தீராது.”

அவர் லேப்டாப்பில் கை வைத்தபடியே திரும்பினார். “அப்போ இப்ப நெட் நின்னது?”

“உங்க பொண்ணு போய் வைஃபை பெட்டியை அணைச்சுட்டு வந்தா. மத்த மாசக் கடைசியில எல்லாம் அது என் வேலை. இன்னிக்குத்தான் கடைசின்னு விளம்பரத்துலயே போட்டாங்களே, எங்களுக்குத் தெரியாதா? எட்டு வருஷத்துல நாங்க மூணு பேரும் ஒரு நாள்கூட விட்டதில்லீங்க. நீங்க இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு எழுதற நேரத்துல போன்ல பார்த்துடுவோம்.”

“இதை ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அப்புறம் உங்களைக் கையில பிடிக்க முடியுமா?” என்றாள் அவள், இன்னும் ஈரம் காயாத கண்ணோடு.