காற்றுக்கே கத்தும்

அச்சு இயந்திரத்தில் நசுங்கிய கை ஆறித் தழும்புகூட வெளுத்துவிட்டது. ஆனாலும் மின்விசிறிக் காற்று பட்டால் கொதிக்கிறது. அச்சகக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மேசைக்கடியில் இழுத்துக்கொள்கிறான். “காத்து பட்டா வலிக்குதாம்! உன் புருஷன் என்னமா நடிக்கிறாரு!” என்று தங்கையிடம் சிரித்தபடி மச்சான் விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறான். அவள் வாயைத் திறப்பதில்லை. இவளும் நம்பவில்லையா என்பதுதான் அவனுக்கு வலியைவிட எரிகிறது. திடீரென்று வாசலில் மச்சானின் கார் அலறுகிறது. சன்னல் வழியே பார்த்தால் பக்கத்தில் ஆளே இல்லை. “யாரும் தொடல மாப்ள. எப்பவோ இடிச்சது, எல்லாம் சரி பண்ணியாச்சு. ஆனா அதுலேருந்து காத்தடிச்சாலே கத்துது. சென்சார் கோளாறு.” “ஓ, அது மட்டும் நடிக்கல!” என்கிறான் அச்சகக்காரன். கார் விடாமல் கத்துகிறது. “அண்ணே, நீ போய் உன் காரைப் பாரு,” என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து விசிறியின் சுவிட்சை அறைந்து அணைக்கிறாள்.