எங்க சங்கத்துப் பட்டியல்

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க, இன்பராணி?"

தலைவர் சொக்கநாதன் மேசையைத் தட்டின தட்டுல தே தாரிக் கப்பு ஆடிச்சு. எங்க ஊரு தம்போய்ல, சங்கத்து அவசரக் கூட்டம். செயலாளர்ங்கிற முறையில நானும் முகத்தை உர்ருன்னு வெச்சிருந்தேன்.

விஷயம் இதுதான். ஜொகூர்த் தோட்டத் தமிழர்களைப் பத்தின புத்தகம், பள்ளி மலர், கோயில் மலர் எல்லாத்துக்கும் எங்க சங்கத்துல ஒரு பட்டியல் இருக்கு. எழுதினது யாரு, எந்த வருஷம், இப்ப எங்க கிடைக்கும், நூலக சாப்ட்வேர்ல தட்டினா வந்து நிக்கும். மூவாயிரத்துக்கும் மேல பதிவு. ஆரம்பத்துலேர்ந்து அந்த வேலையைப் பாக்கிறது இன்பராணி ஒருத்தர்தான். நாங்கள்லாம் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்குவோம். சனிக்கிழமை அந்தப் பட்டியலுக்கு வெளியீட்டு விழா.

இந்த நேரத்துல இன்பராணி மொத்தப் பட்டியலையும் காப்பி எடுத்து, பண்டார் தெங்காரா வாசகர் மன்றத்துக்கு அனுப்பிட்டாங்க. மன்றத்து வேலு போன்ல கேட்டாராம்.

"வெள்ளத்துல அவங்க கம்ப்யூட்டர் போச்சு, தலைவரே."

"போனா? நாம ராப்பகலா உழைச்சதைத் தூக்கிக் குடுத்துடறதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு!"

"அவங்களும் தமிழ் மன்றம்தானே..."

"நாளைக்கு அவங்க பேரைப் போட்டு விழா எடுப்பாங்க லா! நாம வாயைப் பொளந்துகிட்டுப் பாக்கணுமா? அமலநாதன், நீங்க என்ன சொல்றீங்க?"

"நியாயம்தானே"ன்னேன். எனக்கும் கோபம்தான்.

"இப்பவே வேலுவுக்குப் போன் போட்டு அழிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பொறுப்பை ரீத்தாகிட்ட குடுத்துட்டு நீங்க கிளம்பலாம்."

பக்கத்துல இருந்த செயற்குழு ரீத்தா திருதிருன்னு முழிச்சாங்க. இன்பராணி அசரல. லேப்டாப்பை எங்க பக்கம் திருப்பினாங்க.

"சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு பாத்துடுவோம். ஒவ்வொரு பதிவுலயும், அதை முதல்ல தயார் பண்ணினது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நம்ம சங்கத்துப் பேரைப் போட்டுத் தேடவா?"

"தேடுங்க. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்!" தலைவர் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டாரு.

நாப்பத்தொண்ணுன்னு வந்துச்சு.

"அலமாக்! சாப்ட்வேர் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு, தலைவரே. இதுல முப்பது நம்ம சங்கத்து ஆண்டு மலரு."

"அப்ப மீதி மூவாயிரம்?" கேட்டது நான்தான்.

இன்பராணி இன்னொரு பேரைத் தட்டினாங்க. பண்டார் தெங்காரா வாசகர் மன்றம். பக்கம் பக்கமா ஓடிச்சு.

"நாலு வருஷத்துக்கு முன்னால வேலுகிட்ட நான்தான் கேட்டேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம அன்னைக்கே அனுப்பி வெச்சாரு. அவரு குடுத்ததைத்தான் திருப்பிக் குடுத்தேன்."

இன்பராணி போனைக் கையில எடுத்தாங்க.

"ஆனா தப்பு நடந்துபோச்சு, தலைவரே. நம்ம நாப்பத்தொண்ணும் அதோட சேர்ந்து போயிடுச்சு. அதை மட்டும் அழிக்கச் சொல்லவா?"